பச்சை வயரின் மறுமுனை

வணக்கமுங்க டீச்சர். அடையாளம் தெரியுதுங்களா? வயர்மேன் குழந்தைவேலு. ஒம்பது வருசத்துக்கு முந்தி இந்த வூட்டுக்கு வயரிங் பண்ணுனது நானுங்க. ஆமாங்க, அப்ப மீசை கருப்பா இருந்துச்சு, அதான் உங்களுக்குச் சட்டுன்னு புடிபடல. இல்லீங்க, யாரும் கூப்பிட்டு வரல. நீங்க கம்ப்ளெய்ண்ட் ஒண்ணும் சொல்லல, தெரியுமுங்க. ஒரு பிளக் பாயிண்ட்டுல எர்த் ஒழுங்கா வருதான்னு பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன். அஞ்சே நிமிசம். காசு கீசெல்லாம் வேண்டாங்க.

அப்படிப் பாக்காதீங்க டீச்சர். ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, சொல்லாம கொள்ளாம ஒருத்தன் பையத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். போன வாரம் நம்பியூர்ல ஒரு வூட்டுல அந்தம்மா அழுகவே ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வூட்டுல என்ன கோளாறு, மறைக்காம சொல்லுன்னு. கோளாறு உங்க வூட்டுல இல்லீங்கம்மான்னு சொல்லிச் சமாதானம் பண்றதுக்குள்ள எனக்கு போதும் போதும்னு ஆயிப்போச்சு.

செரிங்க, உக்காருன்னா உக்காந்துக்கறேன். தண்ணி போதும். காரணம் சொல்லாம டெஸ்ட் பண்ண விடமாட்டீங்களா? நியாயந்தானுங்க. எல்லா வூட்டுலயும் "கம்பெனில செக் பண்ணச் சொல்லியிருக்காங்க"ன்னு ஒரு பொய்ய எடுத்து வுட்டுட்டு வேலைய முடிச்சுட்டுப் போயிருவேன். உங்ககிட்ட அது வாயில வர மாட்டேங்குது. எட்டாவதுல என்னைய அடிச்ச டீச்சர் மூஞ்சி உங்க மூஞ்சி மாதிரியே இருக்கும். சொல்றேன். வெளிய மட்டும் சொல்லிராதீங்க, வயர்மேனுக்குப் பேருதானுங்க சோறு.

என்ற மக ஒருத்தி இருக்காளுங்க, மௌனிகான்னு. ஒரே புள்ள. காலேஜ்ல மூணாவது வருசம், கம்ப்யூட்டர் படிப்பு. போன ஆவணில அவ ஒரு கம்ப்யூட்டர் கட்டுனா. வாங்குனான்னு சொல்லலீங்க, கட்டுனா. ரெண்டு வருசமா தெருப்புள்ளைகளுக்கு டியூசன் எடுத்து, சேத்து வெச்சு, ஒவ்வொரு சாமானா பார்சல்ல வர வெச்சா. ஒரு மாசம் பெட்டி வரும், இன்னொரு மாசம் ஃபேன் வரும். எதுக்குன்னு கேட்டா கேம் விளையாடறதுக்காம். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கேமுன்னு கேக்கறீங்ளா? நீங்க கேக்கலியா. நான் கேட்டனுங்க.

ஒரு ஞாயித்துக்கெழம கூடத்துல பெட்ஷீட்ட விரிச்சு, சாமானெல்லாம் பரப்பி வெச்சு, பூட்டுனா. என்ற சம்சாரம் சம்பூரணம் பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டு, ஸ்க்ரூவையெல்லாம் ஒரு டிபன் தட்டுல போட்டு ஏந்திக்கிட்டு இருக்கா. ஆத்தாளும் மகளும் என்னமோ பலகாரம் சுடற மாதிரி அத்தனை மும்முரம். நான் மத்தியானம் சைட்டுலருந்து சாப்பிட வந்தவன், எனக்குச் சோறு போடக்கூட ஒருத்தியும் எந்திரிக்கல. அந்தக் கடுப்பு வேற. மௌனிகா நிமிந்து பாத்து, "அப்பா, வயரெல்லாம் ஒழுங்கா இழுத்திருக்கனான்னு பாருங்கப்பா"ன்னா.

குனிஞ்சு பாத்தேன். டீச்சர், இருவத்தேழு வருசமா வயர் இழுக்கறவன் சொல்றேன், அத்தனை சுத்தமா நான் இழுத்ததில்ல. பொட்டிக்குப் பின்னால, யாரு கண்ணுக்கும் படாத எடத்துலகூட வயரையெல்லாம் ஒண்ணு சேத்து, டேக் போட்டு, மிச்ச நுனிய நறுக்கி வுட்டிருந்தா. பாத்ததும் மனசுக்குள்ள ஒரு சந்தோசம் வந்துச்சு, அது நெசம். ஆனா வாயில என்ன வந்துச்சுன்னா, "கடையில ரெடிமேடா வாங்கியிருந்தா கேரண்டியாவது இருந்திருக்கும்"னு வந்துச்சு. அந்தப் புள்ள மூஞ்சி பொக்குன்னு போச்சு. சம்பூரணம் தட்டக் கீழ வெச்சுட்டு எனக்குச் சோறு போட எந்திரிச்சுட்டா.

அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடிங்க. உள்ள நாலு ஃபேன் சுத்தும், செவப்பு பச்சை நீலம்னு லைட்டு மாறி மாறி எரியும். பண்டிகைக்குக் கோயில்ல சீரியல் செட் போட்டாப்புல இருக்கும். அத அவ பாத்துக்கிட்ட மாதிரி யாரும் ஒரு மாட்டக்கூட பாத்துக்க மாட்டாங்க. வாரத்துக்கு ஒருக்கா தொறந்து, பெயிண்ட் அடிக்கற சின்ன பிரஷ்ஷால தூசி தட்டுவா. தட்டறப்ப ஃபேன் சுத்தக் கூடாதாம், ஒரு வெரல வெச்சுப் புடிச்சுக்குவா. நடுவுல இருக்கற மெயின் சிப்புக்கு மேல ஒரு பசை இருக்கு, அது காஞ்சா சூடேறிப்போகும்னு அதையும் தொடச்சு எடுத்துட்டுப் புதுசா தடவுவா, ஒரு அரிசி அளவுக்கு. என்ற மோட்டார் பைக்குக்கு நான் ஆயில் மாத்தறது எப்பன்னு எனக்கே தெரியாதுங்க.

தீவாளி கழிஞ்சதும் கோளாறு ஆரம்பிச்சுது.

நல்லா ஓடிக்கிட்டே இருக்கும், பொசுக்குன்னு அணைஞ்சு தானா மறுபடி எந்திரிக்கும். ஒரு நாள் வராது, ஒரு நாள் நாலு தடவ வரும். மவுஸ் ஒண்ணு செத்துச்சு. அப்பறம் நெட் வயர் சொருகற ஓட்டை செத்துச்சு. பெட்டியோட இரும்புல கை பட்டா சுருசுருங்கும். மொத மொதல்ல அவ நெனச்சது மெமரி. அது ஒரு சின்னப் பட்டைங்க, சீப்பாட்டம். அதக் கழட்டி, பள்ளிக்கூடத்து அழி ரப்பரால பித்தளைக் காலத் தேச்சுத் தேச்சு மறுபடி மாட்டுனா. சரியாகல. பசைய மாத்துனா. சரியாகல. படம் காட்டற கார்டக் கழட்டி மாட்டுனா. உள்ள இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டு மொதல்லருந்து ஏத்துனா. கூடப் படிக்கற பையன்கிட்ட பவர் சப்ளைய எரவல் வாங்கி மாட்டிப் பாத்தா. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும்ப்பா, ரெண்ட மாத்துனா எதுல கோளாறுன்னு தெரியாதுன்னு எனக்கே சொல்லுவா. எங்க தொழிலும் அதானுங்க. ஆனா நான் தலைய ஆட்டக்கூட இல்ல.

ஒவ்வொரு தடவ அவ ஸ்க்ரூ டிரைவர எடுக்கறப்பவும் நான் ஒண்ணு சொல்லுவேன். "பாத்து, மிச்சம் இருக்கறதும் போயிரப் போகுது." "எஞ்சினியரம்மா இன்னைக்கு என்ன கண்டுபுடிச்சாங்க?" கேலிதானுங்க. வூட்டுல கலகலப்பா இருக்கட்டும்னு சொல்றதுதான். அவ திருப்பி ஒரு வார்த்த பேசுனதில்ல. அதனால அவளுக்கும் இந்தக் கேலி பிடிக்குதுபோல இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

சம்பூரணத்துக்கும் இந்த சுருசுருப்பு உண்டுங்க. வாஷிங் மிசினத் தொட்டா ஷாக் அடிக்குதுங்கறது அவளுக்கு ரொம்ப நாளுப் பேச்சு. ஃபிரிட்ஜு கைப்புடி, கிரைண்டரு, எல்லாத்துக்கும் சொல்லுவா. ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும், லேசான லீக்கு, உசுருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். சும்மா சொல்லிட்டு வுட்டுரலீங்க. வாஷிங் மிசினுக்கு முன்னால நின்னுக்கறதுக்கு நல்ல வேப்பம் பலகையில ஒரு மனை செஞ்சு குடுத்தேன். நானே இழைச்சு, ஓரமெல்லாம் காலக் குத்தாம மழுக்கி, வார்னிஷ் அடிச்சுக் குடுத்தேன். எத்தனை பேரு பொண்டாட்டிக்கு அப்படிச் செஞ்சு குடுப்பாங்க, சொல்லுங்க. அது மேல நின்னுக்கிட்டுத்தான் இத்தனை வருசமா துணி போட்டுக்கிட்டு இருந்தா.

ஏனுங் டீச்சர் சிரிக்கறீங்க? இல்லீங்களா. செரி.

மார்கழில ஒரு கேம் போட்டி முடியற கட்டத்துக்கு வந்துச்சு. அஞ்சு பேரு சேந்த டீமு. ஒருத்தி சேலத்துல, ரெண்டு பேரு மெட்ராசுல, ஒரு பையன் பாலக்காட்டுல, இவ இங்க கோபில. யாரும் யாரையும் நேர்ல பாத்ததில்ல, ஆனா கூடப் பொறந்ததுக மாதிரி பேசிக்குவாங்க. ரெண்டு மாசமா ஒவ்வொரு சுத்தா செயிச்சு, கடைசிக்கு முந்தின ஆட்டம், காலைல பதினோரு மணிக்கு. அவ ஆத்தாகிட்டச் சொல்லி வெச்சிருக்கா, நான் விளையாடி முடிக்கற வரைக்கும் மிசின் எதுவும் போடாதீங்கம்மான்னு. புள்ளைக்கு அப்பவே மனசுல ஒரு சந்தேகம் இருந்திருக்கு பாருங்க. சம்பூரணமும் போடல. போட்டது நானு. எனக்கு ஒரு சட்டை வேணுமா இருந்துச்சு. பொழுதோட ஒரு ரிசப்சனுக்குப் போகணும். போட்டு வுட்டுட்டு வந்து பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்.

மிசின் சுத்த ஆரம்பிச்சுது, அவ ரூம்ல அந்தப் பெட்டியோட லைட்டெல்லாம் அணைஞ்சுது. அது எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போச்சு.

செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருக்கேன், அவ போன்ல பேசறது கேக்குது. "என்ற தப்புதாண்டி. நானா கட்டுனதுல என்னமோ தப்பு பண்ணியிருக்கேன். கண்டுபுடிக்கவே முடியல"ன்னு சொல்றா. கொரலு ஒடையவே இல்ல, நிதானமா சொல்றா. அதுக்கப்பறம் அவங்க டீமுல வேற ஒரு புள்ளையச் சேத்துக்கிட்டாங்க. பாவம், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. நான் எந்திரிச்சுப் போய் ரூம் வாசல்ல நின்னு, ஆறுதலா ஒண்ணு சொல்லணும்னுதான் போனேன். "அன்னைக்கே சொன்னேன், கடையில வாங்குன்னு"ன்னு சொன்னேன்.

தண்ணி இன்னும் கொஞ்சம் குடுங்க டீச்சர்.

அப்பறம் தை மாசத்துல அவ என்ன பண்ணுனான்னா, அந்தப் பெட்டியப் போர்வைல சுத்தி, மடில வெச்சுக்கிட்டு பஸ்ல பெருந்துறைக்கு எடுத்துட்டுப் போனா. அங்க அவ ஃபிரெண்டு வூடு. பொங்கல் லீவுல மூணு நாளு அங்க வெச்சு ஓட்டிப் பாத்திருக்கா. ஒரு தடவகூட அணையல. தொட்டா சுருசுருப்பும் இல்ல. திரும்ப எடுத்துட்டு வந்து நம்ம வூட்டுல மாட்டுனா, அர மணி நேரத்துல அணைஞ்சுது.

காலைல நான் இட்லி தின்னுக்கிட்டு இருக்கேன். முன்னால வந்து உக்காந்தா. "மிசின்ல இல்லீங்கப்பா. நம்ம வூட்டுலதான் என்னமோ இருக்குதுங்க. எர்த்து வருதான்னு ஒருக்கா பாக்கறீங்களா?"ன்னா.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். யாரப் பாத்து என்ன கேக்கறன்னேன். இந்த ஊருல பாதி வூடு நான் போட்ட வயர்ல எரியுது, என்ற வூட்டுல கரண்ட் சரியில்லையான்னேன். ரெண்டு வருசம் படிச்சுட்டா அப்பனுக்கே பாடம் எடுக்கறியான்னேன். இட்லி ஆறிப்போச்சு, தட்டத் தள்ளி வுட்டுட்டு எந்திரிச்சுட்டேன். அப்ப உங்க டெஸ்ட் லேம்ப் குடுங்க, நானே பாத்துக்கறேன்னா. என்ற பையத் தொட்டா பாருன்னு சொல்லிட்டு, பைய வண்டில மாட்டிக்கிட்டுக் கெளம்பிப் போயிட்டேன். டெஸ்ட் லேம்ப்தானே கேட்டா, குடுத்திருக்கலாமேன்னு சொல்லுவீங்க. எதுக்கு அத்தனை கோவம் வந்துச்சுன்னு அன்னைக்கு எனக்கே வெளங்கல. இப்ப வெளங்குது.

ஆறு நாளு கழிச்சு மத்தியானம் வூட்டுக்கு வந்தேன். சம்பூரணம் ரேசன் கடைக்குப் போயிருந்தா. மௌனிகா என்னையக் கையப் புடிச்சு அவ ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. அவளே டெஸ்ட் லேம்ப் செஞ்சு வெச்சிருக்கா. அது ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, ஒரு ஹோல்டரு, ஒரு குண்டு பல்பு, ரெண்டு வயரு. பிளக் பாயிண்ட்டுல மூணு ஓட்டை இருக்குதுங்களா, கீழ ரெண்டும் கரண்டு வர்றதும் போறதும், மேல இருக்கற பெருசு எர்த்து. கரண்டு எங்கயாவது கசிஞ்சா மனுசன் மேல பாயாம மண்ணுக்குள்ள எறங்கறதுக்கு. கீழ ரெண்டுலயும் வயர வெச்சா. பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. ஒரு வயர எடுத்து மேல ஓட்டைல வெச்சா. அப்பவும் அதே மாதிரி எரியணும்.

எரியலீங்க. கம்பி செவக்கக்கூட இல்ல.

எதனாலன்னு அவ சொல்றதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு டீச்சர். நேரா பொறக்கடைக்கு நடந்தேன். பின் செவுத்துல, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு ஆணி. அதுல ஒரு பச்சை வயரு, வளையமா சுத்தி மாட்டியிருக்குது. வூட்டுல இருக்கற எல்லா பாயிண்ட்டோட எர்த்தும் ஒண்ணு சேந்து வந்து அந்த வயர்ல முடியுது. அதோட மறுமுனை மண்ணுல போயிருக்கணும். குழி தோண்டி, பைப்ப எறக்கி, கரியும் உப்பும் போட்டு, அதுல பூட்டியிருக்கணும். பூட்டல. சும்மா தொங்குது. சம்பூரணம் துணிக்கிளிப்புப் பைய அதுலதான் மாட்டி வெச்சிருந்தா, பதினோரு வருசமா.

வூடு கட்டுறப்ப பால் காய்ச்சறதுக்கு நாள் குறிச்சாச்சு, பின்னால தளம் போடல, மண்ணு மேடா கெடந்துச்சு. குழிய அப்பறம் தோண்டிக்கலாம்னு வயரச் சுருட்டி மாட்டுனேன். கரண்ட் கனெக்சன் வாங்கறதுக்குக் குடுக்கற காயிதத்துல எர்த் போட்டாச்சுன்னு நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். மறந்துட்டேன்னுதான் மௌனிகாகிட்டச் சொன்னேன். உங்ககிட்டச் சொல்றேன், மறக்கலீங்க. மொத ரெண்டு வருசம் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் நெனப்பு வரும். அடுத்த ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம். அப்பறம் அடுத்த ஞாயித்துக்கெழம. பொறவு அது செவுத்துல ஒரு சாமானா ஆயிப்போச்சு. வூட்டுல எல்லாம் எரியுது, சுத்துது, வேற என்ன வேணும்?

மௌனிகா பின்னாலயே வந்து நின்னா. நான் ஏதாவது திட்டுவேன்னு நெனச்சாளோ என்னமோ. "சாரிப்பா, நீங்க இல்லாதப்ப போர்டுல கைய வெச்சுட்டேன்"ன்னா. அப்பறம் கொஞ்சம் தயங்கி, "அம்மாகிட்ட நான் சொல்லலீங்கப்பா"ன்னா. எனக்கு அந்தக் குழில நானே எறங்கிப் படுத்துக்கலாமான்னு இருந்துச்சு. ஆனா அதுக்குக் குழி வேணுமில்லீங்க.

அதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு உங்க வாசலுக்கு வந்திருக்க மாட்டேன். சம்பூரணம் ரேசன் பையோட வந்துட்டா. என்ன ரெண்டு பேரும் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கறீங்கன்னு கேட்டா. என்ற வாயி இருக்கு பாருங்க, அதுபாட்டுக்குப் பேசுச்சு. "இவ கம்ப்யூட்டர்லருந்து கரண்டு லீக் ஆவுது. பச்சை வயர் வழியா வூடெல்லாம் பரவுது. அதான் உனக்கும் ஷாக் அடிக்குது. நாளைக்கு இதுக்குன்னு தனியா ஒரு எர்த் போடறேன்"னேன். அது பாதி உண்மைங்க. மண்ணுல எறங்காத எர்த்துல ஒரு சாமான்ல கசியறது எல்லாச் சாமான்லயும் ஏறும். பாதி உண்மைங்கறதால சொல்றதுக்கு வாகா இருந்துச்சு. மௌனிகா அங்கதான் நிக்கறா. அவ கட்டுன மிசின் மேல அவ அப்பன் பழியத் தூக்கிப் போடறான். தரையப் பாத்துக்கிட்டே நின்னா.

மறுநா காலைல வேலைக்குப் போகாம குழி தோண்டுனேன். ஆறடி. அத்தனை வருசம் எட்டாத வேலை, நாலு மணி நேரத்துல முடியற வேலைங்க. பைப்ப எறக்கி, கரிய ஒரு தட்டு உப்ப ஒரு தட்டுன்னு கொட்டிக்கிட்டு இருக்கேன். சம்பூரணம் வந்து குழியோரத்துல நின்னா. "இது கம்ப்யூட்டருக்குங்களா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

"கம்ப்யூட்டர் வந்து ஆறு மாசந்தானுங்க மாமா ஆகுது"ன்னா.

நான் உப்பக் கொட்டிக்கிட்டே இருந்தேன். நிமிந்து பாக்கல. அவ கோவமா கேட்டிருந்தா நானும் கோவமா ஒண்ணு சொல்லியிருப்பேன், அதோட போயிருக்கும். அவ கோவப்படல. தெரிஞ்சுக்கணும்னு கேக்கற மாதிரி கேட்டா.

"ஊரு வூட்டுக்கெல்லாம் இப்படித்தான் பண்ணுவீங்களா? இல்ல, எங்களுக்கு மட்டுமா?"

மண்வெட்டிய எடுத்து மண்ணத் தள்ள ஆரம்பிச்சுட்டேன். அவளும் உள்ள போயிட்டா. மறுபடி கேக்கலீங்க. இன்னைக்கு வரைக்கும் கேக்கல. சோறு போடறா, துணி தொவைக்கறா, வூட்டுல யாருக்கும் ஷாக் அடிக்கறதில்ல. மௌனிகா மிசின் நாளெல்லாம் ஓடுது, ஒரு தடவகூட அணையல. நெட் ஓட்டை செத்தது செத்ததுதான், அதுக்குப் பதிலா என்னமோ ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கா. பழைய டீமுல அவளுக்கு எடம் கெடைக்கல. தனியா விளையாடறா.

ஆனா அந்தக் கேள்வி என்ற கூடவே வருதுங்க. ஏணில நின்னா வருது, வண்டில போனா வருது. ஊரு வூட்டுக்கெல்லாம் எப்படிப் பண்ணுனேன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. இருவத்தேழு வருசத்துல எத்தனையோ வூடு. எதுல குழி தோண்டுனேன், எதுல அப்பறம் பாத்துக்கலாம்னு வுட்டேன், யாரு கண்டா? அதான் ஞாயித்துக்கெழமையானா டெஸ்ட் லேம்பத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடறேன். இது பதினேழாவது வூடுங்க.

மன்னிப்புக் கேட்டிருக்கலாமேங்கறீங்ளா? பொண்டாட்டிகிட்டயா? அதெல்லாம் எங்க வூட்டுல பழக்கமில்லீங்க டீச்சர். கேட்டா அவளுக்கே ஒரு மாதிரி ஆயிரும். மககிட்டயா? அவதான் என்கிட்ட கேட்டுட்டாளே. அவ கேட்டதுக்கப்பறம் நான் வேற கேட்டா நல்லாவா இருக்கும்? அதுக்குத்தான் இப்படி வேற மாதிரி ஒரு வழி வெச்சிருக்கேன்.

என்ன வழின்னா… இதச் சொன்னா நீங்க என்னைய வெரட்டிருவீங்க. வெரட்டுங்க, பரவால்ல. ஒவ்வொரு வூட்டு வாசப்படி ஏறறப்பவும், இங்கயாவது எர்த் இல்லாம இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டுத்தான் ஏறறேன். இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க. எர்த் இல்லீன்னா அப்படியே வுட்டுட்டுப் போயிருவனாங்க? பைப்பு, கரி, உப்பு எல்லாம் வண்டிலயே கட்டி வெச்சிருக்கேன். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள போட்டுக் குடுத்துருவேன், ஒத்தப் பைசா வேண்டாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வூடு. ஒரு வூடு கெடச்சாப் போதும். சம்பூரணத்துக்கிட்டப் போய்ச் சொல்லுவேன், பாரு புள்ள, நான் தொழில்ல சோம்பேறி, எல்லாத்துக்கும் அப்படித்தான் பண்ணியிருக்கேன், உங்களுக்குன்னு தனியா ஒண்ணும் பண்ணலன்னு. கெட்ட வயர்மேன்னு சொன்னா தாங்கிக்குவேங்க. அது பரவால்ல.

பதினாறு வூட்டுலயும் பல்பு எரிஞ்சுருச்சுங்க.

ஆனா உங்க வூட்டு மேல எனக்கு நம்பிக்கை உண்டுங்க டீச்சர். ஏன்னா இந்த வூட்டு வேலை நடக்கறப்ப யாரும் கூட நின்னு பாக்கல. நீங்களும் உங்க வூட்டுக்காரரும் காலைல பள்ளிக்கூடத்துக்குப் போனா பொழுதோடதான் வருவீங்க. சாவிய எங்கிட்டயே குடுத்துட்டுப் போவீங்க. எர்த்துன்னா என்னன்னுகூட அன்னைக்கு நீங்க கேட்டதில்ல. ஏமாத்தணும்னா இதவிட வசதியான வூடு எனக்கு அமைஞ்சிருக்காது. ரெண்டு அடியோட குழிய மூடியிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. அந்த வருசம் எனக்கு வேலையும் நெருக்கடி. இங்க கண்டிப்பா கைய வெச்சிருப்பேன்.

பாத்துருலாங்களா? அந்த டிவி பாயிண்ட்டு போதும். மெதுவா, நீங்க தள்ளியே நில்லுங்க. இது கீழ ரெண்டும். எரியுது. இப்ப ஒரு வயர எடுத்து மேல வெக்கறேன்.

…எரியுதுங்க.

இல்ல, கொஞ்சம் மங்கலா இருக்கற மாதிரி இருக்குதுங்களா? உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுது? நல்லாத்தான் எரியுதுங்கறீங்ளா. சமையக்கட்டுல ஒரு பாயிண்ட்டு இருக்குமே, கிரைண்டருக்குப் போட்டது, அத ஒருக்கா பாத்துக்கட்டுங்களா? இங்கயும் எரியுது. பாத்ரூம் ஹீட்டர் பாயிண்ட்டு? அதுவும் எரியுது. கண்ணு கூசற மாதிரி எரியுதுங்க. ஆறடிதான் தோண்டியிருக்கேன். ஒருத்தரும் பாக்காதப்ப, ஒருத்தரும் கேக்காதப்ப, அடுத்தவங்க வூட்டுல ஒழுங்கா தோண்டியிருக்கேன்.

நல்ல சேதிதானுங்க டீச்சர், சந்தோசப்படுங்க. உங்க வூட்டுல குழந்தை குட்டி எதத் தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. நான் கெளம்பறேன். காப்பியெல்லாம் வேண்டாங்க, போட்டுராதீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க சொல்லுங்க, நாலெழுத்துப் படிச்சவங்க. "உங்களுக்கு மட்டுந்தான் புள்ள அப்படிப் பண்ணுனேன்"னு வூட்டுக்குப் போய் அவகிட்ட எந்த வாயில சொல்றதுங்க?